கம்யூனிட்டி காலேஜில் சேருமுன்: கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஃப்ரீமாண்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, எச்-4 விசா (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது), பி.காம். முடித்திருக்கிறேன், அரசின் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். படிக்கலாம், தங்கச்சி. விசாவை மாற்றவும் வேண்டாம். ஆனால் எப்போது சேர்வது என்பதில்தான் நம்மவர்கள் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டவள்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்; 2012 முதல் அதே கட்டணம்தான். நான்கு யூனிட் கணக்கியல் பாடம் 184 டாலரில் முடிந்துவிடும். (டி அன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் இரண்டும் காலாண்டு முறையில் நடப்பதால் அங்கே கணக்கு சற்று வேறு.) மாநிலவாசி இல்லை என்றால் பெரும்பாலான இடங்களில் யூனிட்டுக்கு 300 டாலரைத் தாண்டும். அதே வகுப்பு, அதே நாற்காலி, ஏழு மடங்கு பணம்.

எச்-4 விசாவில் இருப்பவர் மாநிலவாசி ஆக முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பருவம் (செமஸ்டர்) தொடங்குவதற்கு முந்தைய நாள் கணக்குப்படி, ஓராண்டும் ஒரு நாளும் நீங்கள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நாட்கள் மட்டும் போதாது. இங்கேயே தங்கும் எண்ணத்துக்கும் சான்று கேட்பார்கள். ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மாநில வருமான வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம் போன்றவை. ஒப்பந்தத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், இந்த மாதமே. சான்றுகளில் இருக்கும் தேதிதான் பேசும். ஆகஸ்ட் கடைசியில் பருவம் தொடங்கும் கல்லூரியில், செப்டம்பரில் வந்திறங்கியவருக்கு அடுத்த ஆண்டு இலையுதிர் பருவமும் கிடைக்காது. ஜனவரிவரை பொறுக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. யூனிட் கணக்கில் சேராத வகுப்புகள், ஆங்கில வகுப்புகள் உட்பட, இலவசம். ‘எனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே’ என்று முகம் சுளிக்காதீர்கள். வங்கியிலும் பள்ளியிலும் தொலைபேசியில் பேசித் தீர்க்கும் ஆங்கிலம் வேறு.

சிலர் அவசரப்பட்டு எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். மாறினால் மாநிலவாசிக் கட்டணம் கைவிட்டுப் போகும். பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தே தீர வேண்டும். 21 வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு எச்-4 முடிவதால் அந்த மாற்றம் தேவைப்படலாம். அதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம், பிறந்தநாளுக்கு வெகு முன்பே கேளுங்கள்.

இனி என் கதை. நான் முதன்முதலில் பதிந்தது ஒரு மாலை நேரக் கணக்கியல் வகுப்பு. தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது ரத்து என்று மின்னஞ்சல் வந்தது. ஒன்பது பேர்தான் பதிந்திருந்தோமாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்து, புத்தகமும் வாங்கியிருந்தேன். அழாத குறை. பிறகு ஆலோசகர் ஒருவர் உட்காரவைத்து விளக்கினார். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் நிதி முறையில், பெரும்பகுதிப் பணம் எத்தனை மாணவர்கள் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கல்லூரிக்கு வருகிறது. பாதி காலியான வகுப்பு அவர்களுக்கு நஷ்டம். முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து அட்டவணை போடுகிறார்கள். பதிவு திறந்த பிறகு தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், உங்கள் வகுப்பு ரத்தாவதற்கு நீங்களே துணை போகிறீர்கள். வகுப்பு நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடுங்கள், இருபதாவது ஆளாக இருந்தாலும். பட்டியல் நீளுவதைப் பார்த்து அதே பாடத்துக்கு இன்னொரு வகுப்பு திறப்பதுண்டு.

இன்னொரு தொல்லை: நிதியுதவிப் பணத்தைக் குறிவைத்துப் போலி விண்ணப்பங்கள் குவிவதால் அடையாளச் சோதனை கடுமையாகிவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பதில் வராமல் ஒரு வாரம் போனால், ஸ்பேம் பெட்டியைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டுடன் நேரில் போய் நில்லுங்கள்.

விண்ணப்பத்தில் இனம் கேட்கும் கட்டத்தைப் பார்த்து ஒரு தம்பி பயந்திருந்தார். 18 வயது நிரம்பிய யாரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியில் அதனால் உங்களுக்கு இடம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. இனத்தைப் பார்த்துச் சலுகை தரக் கூடாது என்று 1996-இல் வாக்காளர்களே 209-ஆம் முன்மொழிவை நிறைவேற்றிவிட்டார்கள். எந்தப் பிரிவினர் பாதியில் நிற்கிறார்கள், யாருக்கு என்ன உதவி போதவில்லை என்று கல்லூரி அறியத்தான் அந்தக் கணக்கு. நிரப்புங்கள் என்பேன், எந்த ஆசியர் என்பதையும் சேர்த்து. ‘ஆசியர்’ என்ற ஒரே மூட்டையில் எல்லாரையும் கட்டினால் நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் அண்மையில் வந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளையின் சிரமம் மறைந்துபோகிறது.

இரண்டாம் முறை எனக்குக் கிடைத்த வகுப்பில் பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற வியட்நாமியப் பெரியவர். பின்னால் கிடங்கில் இரவு வேலை முடித்து வரும் மெக்சிகோ வம்சாவளிப் பையன். அவன் தூங்கிவிழுவான், தேர்வில் என்னை முந்துவான். முன்வரிசையில் பதினாறு வயதுப் பெண், உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே வருகிறாள். (உங்கள் பிள்ளைகளும் அப்படிப் படிக்கலாம், பகுதிநேர அளவுக்குள் பெரும்பாலும் கட்டணமே இல்லை.) மாலை வகுப்பு, இணைய வகுப்பு, எட்டு வார வகுப்பு என்று அட்டவணை சிதறிக் கிடப்பது இவர்களுக்காகத்தான். குழு வேலைக்கு நம்மவர்களையே தேடிப் பிடித்து உட்காராதீர்கள், தயவுசெய்து.

தங்கச்சிக்குக் கடைசியாக: பி.காம். சான்றிதழை இங்குள்ள நிறுவனம் ஒன்றின் மூலம் மதிப்பீடு செய்ய இப்போதே அனுப்புங்கள். முன்தகுதி கேட்கும் பாடங்களுக்கு அது வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். முதல் நாள் வகுப்பைத் தவறவிடாதீர்கள். வராதவர் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தை ஆசிரியர் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது அப்படித்தான்.