டிக்கோயாவில் வீட்டுப் பின்வளவில் செயற்கைப் புல் கோர்ட்: ஜூனில் போடலாமா?

உப்புவெளிக்காரன்:
வணக்கம். என் அக்கா குடும்பம் டிக்கோயாவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டி எடுத்த தட்டு நிலம் ஒன்று, 55 அடிக்கு 28 அடி. மருமகளுக்கு டெனிஸ் என்றால் உயிர். மே பிறந்தால் அந்த இடம் சேறாகிவிடும், செப்டெம்பர் வரை பிள்ளை ராக்கெட்டைத் தொடுவதில்லை. முழு அளவுக் கோர்ட்டுக்கு இடம் போதாது. ஆனால் 36 அடிக்கு 18 அடி சிறுவர் கோர்ட் ஒன்று தாராளமாக அடங்கும். செயற்கைப் புல் போட்டுக் கொடுக்க ஆசை.

இங்கே திருகோணமலையில் இந்த வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டேன். கொங்கிறீட் போட்டு அதன் மேல் புல்லை ஒட்டிவிடலாம், ஜூனில் ஆட்களோடு போய் முடித்துவிடலாம் என்கிறார். மழை ஊருக்கு அது சரிவருமா? பாசி பிடிக்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கன்னியா மேசன்:
தம்பி, ஜூன் வேண்டாம். எங்களுக்குக் கச்சான் வீசும் மாதங்கள் வேலைக்கு நல்ல காலம், பசை சீக்கிரம் இறுகும். அதே காற்றுதான் மேற்குச் சரிவில் மோதி டிக்கோயாவில் மழையாகக் கொட்டுகிறது. ஈரத்தை மலையில் இறக்கிவிட்டுத்தான் நம் பக்கம் வருகிறது. அங்கே ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை தோதான காலம். புல் துண்டுகளைப் பொருத்தும்போது தரையும் புல்லின் முதுகும் காய்ந்திருக்க வேண்டும். குளிரில் பசை இறுகவும் நேரம் எடுக்கும். ஈரத்தில் ஒட்டினால் முதலில் பிரிவது மூட்டுத்தான்.

அடுத்தது கொங்கிறீட். புல் மேல் விழும் மழையை விட, மேலேயிருந்து மண்ணுக்குள்ளால் வரும் தண்ணீருக்குத்தான் நான் பயப்படுவேன். வெட்டிய மண் சுவரின் அடியில் கசிவு இருக்கும். அது கோர்ட்டுக்கு அடியில் புகுந்தால் எவ்வளவு விலையான புல் போட்டும் பயனில்லை. ஆகவே முதற் காசை மேற்பக்கக் கானுக்குச் செலவழியுங்கள். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, கோர்ட்டின் அடித்தளத்தை விட ஆழமாக வெட்டி, ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும் துணி) விரித்து, துளையுள்ள 4 அங்குலக் குழாய் வைத்து, சல்லியால் நிரப்புங்கள். குழாயின் வாயைக் கீழ்ச் சரிவில் சும்மா திறந்துவிட வேண்டாம், தட்டின் விளிம்பை அரித்துவிடும். கட்டிய கானில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

அடித்தளத்துக்கு நான் சொல்வது சல்லிதான். மேல்மண்ணை எடுத்து, ஜியோ துணி போட்டு, 6 முதல் 8 அங்குலம் சல்லி. ஒரேயடியாகக் கொட்டாமல் தட்டுத் தட்டாகப் போட்டு இறுக்க வேண்டும். மேலே 2 அங்குலம் பொடிச் சல்லி, தூசு குறைந்ததாக. 100 அடிக்கு 1 அடி சரிவு. தண்ணீர் நேரே கீழே இறங்கிப் போய்விடும். கொங்கிறீட்டில் அது பக்கவாட்டாக ஓட வேண்டும், சின்னப் பள்ளம் இருந்தாலும் அந்த இடம் காயாது. தட்டின் ஒரு பாதி நிரப்பிய மண் என்றால் அந்தப் பக்கம் மெல்ல இறங்கும், கொங்கிறீட் வெடிக்கும். சல்லியைப் பிறகும் நிரவிக்கொள்ளலாம்.

புல்லின் முதுகுக்கு ஈரம் தாங்கும் பாலியூரித்தேன் பூசியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கோர்ட்டுக்கு இன்னும் இரண்டு அடி கிடைக்கும் என்று மட்டும் மண் சுவரை வெட்ட வேண்டாம். நுவரெலியா மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டம். வெட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். பிள்ளைகள் விளையாடப் போகும் இடம்.

பண்டாரவளை டீச்சர்:
பாசி வரும். எங்கள் கோர்ட்டில் வெயில் படாத ஓரத்தில்தான் முதலில் வந்தது. மேலே யூக்கலிப்டஸ் கிளைகள் கவிந்திருந்தன. இலை ஊறி மக்கினால் புல்லின் முதுகில் தண்ணீர் இறங்கும் துளைகள் அடைபடும், அந்த மக்கில்தான் பாசி வேர்விடுகிறது. கிளைகளை வெட்டிய பிறகு பெரிய வித்தியாசம் தெரிந்தது. இலையை அன்றன்றே கூட்டுங்கள். கிழமைக்கு ஒருமுறை, புல் சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராக நைலோன் தூரிகையால் வாருங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். அழுத்தத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் புல் இழைகளுக்கு இடையில் நிரப்பிய மணல் கிளம்பிப் போய்விடும்.

கிண்ணியாவிலிருந்து:
மணலைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்று நிலாவெளிக் கடல் மணலை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள் தம்பி. உப்பும் சிப்பித் துகளும் இருக்கும், சிப்பி நொறுங்கி மாவாகித் தண்ணீர் இறங்கும் வழியை அடைக்கும். கழுவி உலர்த்திய, உருண்ட சிலிக்கா மணல் வேண்டும். மாரவில, நாத்தாண்டியா பக்கத்தில் எடுப்பது அந்த வகை.

மணலுக்குப் பதிலாக டயர் ரப்பர் துகள் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். டெனிஸுக்குக் கட்டைப் புல்லும் மணலும் போதும். அங்கே மழை அடித்துச் செல்வது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேரும், அப்புறம் களனி கங்கை. அதைக் குடிக்கும் சனம் எவ்வளவு! ஐரோப்பிய ஒன்றியமே 2023இல் சட்டம் போட்டு, 2031க்குப் பிறகு அந்தத் துகளை விற்க முடியாதபடி செய்துவிட்டது.

உப்புவெளிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஜூன் பயணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மேசன் அண்ணன், சுவரடியில் கசிவு இருக்கிறதா என்று அத்தான் எப்படிப் பார்ப்பது?

கன்னியா மேசன்:
இந்த மழைக்காலமே அதற்கு வசதி. தட்டின் மேற்பக்கத்தில், சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, மழை நேரே விழாமல் தகரத்தால் மூடச் சொல்லுங்கள். சுற்றிலும் சின்ன வரம்பு வேண்டும், மேலே ஓடும் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இரவு பெருமழை பெய்தால் காலையில் திறந்து பார்க்கட்டும். தண்ணீர் நின்றால் அது மண்ணுக்குள்ளால் வந்தது. எந்த உயரம் வரை நிற்கிறது என்று அளந்து படத்தோடு இங்கே போடுங்கள், கானின் ஆழத்தை அதை வைத்துச் சொல்கிறேன்.