எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பதா, நம் கையில் எடுத்து வைப்பதா?

இடைவெளி:

சில வருடங்களாகச் சம்பளத்தில் ஒரு சின்னப் பகுதிக்கு மாதாமாதம் பிட்காயின் வாங்கிப் போட்டு வருகிறேன். வாங்கியது எல்லாம் அந்த எக்ஸ்சேஞ்சிலேயேதான், அதாவது காயின் வாங்கி விற்கும் ஆன்லைன் தளத்திலேயேதான், கிடக்கிறது. ஆரம்பத்தில் போனால் போகட்டும் என்கிற அளவுதான், இப்போது போனால் தூக்கம் வராது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நண்பர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் "வெளியே எடு, வெளியே எடு" என்று நச்சரித்து, கடைசியில் ஒரு ஹார்டுவேர் வாலட் (காயினின் ரகசியச் சாவியை வைத்திருக்கும் சின்னக் கருவி) வாங்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அமைத்தும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இன்னும் ஒரு சடோஷிகூடப் போடவில்லை.

என் பயம் இதுதான். எக்ஸ்சேஞ்சில் பாஸ்வேர்டு மறந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறான். இங்கே கருவி கொடுத்த 12 மீட்புச் சொற்கள் (கருவி கெட்டாலும் காயினைத் திரும்ப எடுக்க உதவுபவை) தொலைந்தால் கதை முடிந்தது. அதனால் அந்த 12 சொற்களையும் மூன்று தாள்களில் பிரித்து எழுதலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் 8 சொற்கள், எந்த இரண்டு தாள் கிடைத்தாலும் மொத்தமும் கிடைத்துவிடும், ஒரே ஒரு தாள் திருடன் கையில் சிக்கினால் அவனுக்கு அரைகுறைதான். வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று, லாக்கரில் ஒன்று. இது சரிதானே?

அப்புறம், வெளியே செய்து கொடுக்கும் வேலைக்கு அவ்வப்போது யுஎஸ்டிடி (டாலர் விலையை ஒட்டி நிற்கும் டிஜிட்டல் காசு) வருகிறது, அதைச் செலவும் செய்கிறேன். அதையும் இதே கருவியில் வைக்கலாமா? என் மனைவிக்கு இதைப் பற்றி எதுவுமே தெரியாது, அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

கறார்பேர்வழி:

எடுங்கள், இன்றைக்கே. எக்ஸ்சேஞ்ச் திரையில் தெரிவது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிய ஓர் எண், அவ்வளவுதான். மவுன்ட் காக்ஸ் என்கிற எக்ஸ்சேஞ்ச் 2014-ல் மூடியபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றார்கள், பிறகு 2,00,000 பழைய வாலட் ஒன்றில் கிடைத்தது. வாடிக்கையாளர்களுக்குக் காயினாகத் திரும்பி வரத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடம்! எஃப்டிஎக்ஸ் என்கிற இன்னோர் எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் கவிழ்வதற்கு முந்தின வாரம் வரை அதையும் பெரிய கம்பெனி, பயமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே காயின் வைத்திருந்தவர்களுக்குத் திவால் மனு போட்ட நாளின் விலையில்தான் கணக்குப் பார்த்தார்கள், ஒரு பிட்காயினுக்குச் சுமார் 16,900 டாலர். பிறகு விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். "முழுப் பணமும் கொடுத்துவிட்டோம்" என்று அவர்கள் சொல்வது டாலர் கணக்கில் உண்மைதான், காயின் கணக்கில் பார்த்தால் வயிறு எரியும்.

மெதுவாப்போ:

எடுங்கள், எடுங்கள் என்று எல்லோரையும் விரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சொந்தமாக வைத்துத் தொலைத்தவர்கள் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா? வேல்ஸில் ஒருவர் ஹார்டு டிஸ்க்கைக் குப்பையோடு போகவிட்டு 2013 முதல் அந்தக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போனார், அதில் சுமார் 8,000 பிட்காயின். இன்னொருவரிடம் 7,002 பிட்காயினின் சாவி இருக்கும் யுஎஸ்பி பத்திரமாக இருக்கிறது, பாஸ்வேர்டு மட்டும் நினைவில்லை, 10 தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். இரண்டு பேருமே கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவர்கள்.

தொகை நடுத்தரம் என்றால், ஒழுங்கான எக்ஸ்சேஞ்சில் கணக்கை இறுக்கிப் பூட்டிவிட்டு இருப்பது ஒன்றும் பாவமில்லை. ஓடிபி எஸ்எம்எஸ்-இல் வரக்கூடாது, உங்கள் எண்ணுக்கு இன்னொருவன் டூப்ளிகேட் சிம் வாங்கினால் எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். ஆத்தென்டிகேட்டர் ஆப் (போனிலேயே ஓடிபி உருவாக்குவது) வையுங்கள், முடிந்தால் பாதுகாப்புச் சாவி (யுஎஸ்பி போல் செருகும் கருவி). இந்தக் கணக்குக்கு மட்டுமே ஒரு தனி மின்னஞ்சல். முன்பே பதிவு செய்த வாலட் முகவரிக்கு மட்டும்தான் காயின் வெளியே போகலாம் என்கிற அமைப்பு பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் இருக்கிறது, ஏனோ பலர் அதைத் தொடுவதே இல்லை.

பதினொருபிட்:

எங்கே வைப்பது என்கிற சண்டையை அவர்கள் இருவரும் போடட்டும். எனக்கு உறுத்துவது அந்த மூன்று தாள் யோசனை. பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும், 12 சொற்களுக்கு அதைச் செய்யவே கூடாது.

கணக்கு இப்படி. சொற்கள் எல்லாம் 2048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியல் ஒன்றிலிருந்து வருபவை. 2048 என்பது 2-இன் 11-ஆம் அடுக்கு, ஆக ஒரு சொல்லுக்கு 11 பிட் (ஒரு பிட் கூடினால் ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் இரண்டு மடங்கு). பன்னிரண்டுக்கு 132 பிட், அதில் 4 பிட் வெறும் சரிபார்ப்புக்கு, மிச்சம் 128 பிட்தான் உண்மையான ரகசியம். 128 பிட்டை யாராலும் ஊகிக்க முடியாது. இப்போது ஒரு தாள் திருடன் கையில். அவனுக்கு 8 சொற்களும் அவற்றின் இடமும் தெரியும், பாக்கி 4 சொல், 44 பிட். சரிபார்ப்பு அதிலும் 16-இல் 15 பங்கைக் கழித்துவிடும், கடைசியில் நிற்பது 40 பிட். சுமார் 1.1 லட்சம் கோடி வாய்ப்புகள். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? 2020-ல் ஒருவர் ஒரு பிட்காயினை ஒரு வாலட்டில் போட்டு, சொற்களை ஒவ்வொன்றாகத் துப்புக் கொடுத்து ஒரு போட்டி நடத்தினார். எட்டாவது சொல் தெரிந்ததுமே இன்னொருவர் வாடகைக்குக் கிராஃபிக்ஸ் கார்டுகளை எடுத்து, பாக்கி நாலையும் சுமார் 30 மணி நேரத்தில் கம்ப்யூட்டரை வைத்தே கண்டுபிடித்துக் காயினை எடுத்துக்கொண்டார். அப்படியே உங்கள் மூன்று தாள் கணக்கு.

அதாவது ஒரே இடத்தில் வைத்தால் ஓர் இடத்தைக் காத்தால் போதும். உங்கள் முறையில் மூன்று இடங்களையும் காக்க வேண்டும், ஏனென்றால் மூன்றில் எதுவும் தனியாகவே ஆபத்து. 24 சொற்களை இப்படிப் பிரித்தால் 8 சொல் குறையும், 80 பிட் மிஞ்சும், அது இன்றைக்கு உடையாது. ஆனாலும் 256-ஐ 80 ஆக்கிக்கொள்ள என்ன அவசியம்? பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த முறைகள் இருக்கின்றன. ஷமீர் முறையில் பங்கிடும் கருவிகள் உண்டு, ஒரு பங்கு மட்டும் வைத்திருப்பவனுக்கு அதில் எதுவுமே தெரியாது. மூன்று சாவியில் இரண்டு கையெழுத்துப் போட்டால்தான் காசு நகரும் என்கிற மல்டிசிக் இன்னும் பலமானது, ஆனால் அமைக்கப் பொறுமை வேண்டும், சாவிகளோடு வாலட்டின் அமைப்பு விவரக் கோப்பையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பாஸ்ஃப்ரேஸ் (மீட்புச் சொற்களோடு நாமே கூடுதலாகச் சேர்க்கும் ரகசியம்) சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். நல்லதுதான், ஆனால் அதில் "தவறான பாஸ்ஃப்ரேஸ்" என்று ஒன்று கிடையாது. ஓர் எழுத்து மாறினால் பிழைச் செய்தி வராது, வேறொரு காலி வாலட் திறக்கும், அவ்வளவுதான். நினைவை நம்பிப் போடாதீர்கள், அதையும் எழுதி வேறு இடத்தில் வையுங்கள்.

போனில் படம் எடுத்து வைப்பதும் வேண்டாம். படங்கள் தானாகவே கிளவுடுக்குப் போகும் என்பது ஒரு பக்கம். கேலரிப் படங்களில் இருக்கும் எழுத்தைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்கிற மால்வேரைப் பற்றி 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்கிற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது, கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த ஆப்களிலேயே அது இருந்தது.

கடைசியாக, நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தார் என்கிறீர்கள். அப்படியென்றால் சொற்களை அவரும் பார்த்திருக்கிறார். தங்கமான மனிதராக இருக்கலாம், நான் சந்தேகப்படவில்லை. ஆனாலும் காலியாக இருக்கும்போதே கருவியை ரீசெட் செய்து, அறையில் வேறு யாரும் இல்லாதபோது புதிதாக சொற்களை உருவாக்குங்கள்.

இடைவெளி:

நண்பர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இன்று இரவே ரீசெட். தாள் நனைந்தால், எரிந்தால்? உலோகத் தகடு விற்கிறார்களே, அது வேண்டுமா?

பதினொருபிட்:

தொகை தூக்கத்தைக் கெடுக்கும் அளவு என்று நீங்களே சொன்னீர்கள், வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். ஆங்கிலப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லின் முதல் நாலு எழுத்தும் வேறு எந்தச் சொல்லோடும் ஒத்துப்போகாது, அதனால் நாலு எழுத்து மட்டும் பொறித்தாலே முழுச் சொல்லும் தெரிந்துவிடும்.

சில்லறை:

செலவு பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். சேமிப்பையும் கைச்செலவையும் ஒரே கருவியில் கலக்காதீர்கள். போனில் ஒரு சாதாரண வாலட், அதில் பர்ஸில் வைத்துத் திரியத் துணியும் தொகை மட்டும். வேலைக்கு வரும் யுஎஸ்டிடி அங்கே வரட்டும், மிஞ்சுவதை அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

யுஎஸ்டிடி-யில் பலர் இடறுவது நெட்வொர்க்கில். அதே யுஎஸ்டிடி டிரானில் ஒன்று, எத்தீரியத்தில் ஒன்று, இன்னும் பல சங்கிலிகளில் (பிளாக்செயின் நெட்வொர்க்குகளில்). அனுப்புகிறவர் எதில் அனுப்புகிறார் என்று முன்பே கேட்டுவிடுங்கள். வந்ததை நகர்த்த அந்தந்தச் சங்கிலியின் சொந்தக் காசு கொஞ்சம் கையில் வேண்டும், டிரானில் டிஆர்எக்ஸ், எத்தீரியத்தில் ஈத்தர். அது இல்லாமல் முகவரியில் பணம் தெரிந்தும் எடுக்க முடியாமல் முழிப்பவர்கள் ஏராளம். யுஎஸ்டிடி போல டாலரை ஒட்டி நிற்கும் ஸ்டேபிள்காயினை வெளியிடும் கம்பெனி நினைத்தால் ஒரு முகவரியை முடக்கலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும், யுஎஸ்டிடி-யின் டெதரும் யுஎஸ்டிசி-யின் சர்க்கிளும் செய்திருக்கிறார்கள். விலை எப்போதும் ஒரு டாலர்தான் என்கிற நம்பிக்கையும் அளவோடு இருக்கட்டும். டெர்ரா என்கிற திட்டத்தின் ஸ்டேபிள்காயின் 2022 மே மாதத்தில் மொத்தமாகச் சரிந்தது. இருப்பு வைத்து நடத்தும் யுஎஸ்டிசி-யே 2023 மார்ச்சில் வங்கி ஒன்று விழுந்த வார இறுதியில் 90 சென்டுக்குக் கீழே போய்விட்டு வந்தது.

முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி எடுக்காதீர்கள். உங்கள் வழக்கமான முகவரியின் தொடக்கமும் முடிவும் போலவே ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து ஒன்றுமில்லாத தொகையை அனுப்பிப் பட்டியலில் உட்காரவைப்பது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2024 மே மாதம் ஒருவர் இப்படியே சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள பிட்காயின் டோக்கனைத் தப்பான முகவரிக்கு அனுப்பினார். திருடன் பிறகு பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான், நமக்கு அந்த யோகம் எல்லாம் வாய்க்காது. முதலில் சிறு தொகை அனுப்பி, போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பாக்கியை அனுப்புங்கள்.

பிட்காயினுக்கும் ஒன்று. மாதாமாதம் சின்னச் சின்னதாகக் கருவிக்கு அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு வரவும் தனித்தனிக் காசாகவே நிற்கும், பின்னால் ஒரு பெரிய தொகை கொடுக்கும்போது மூட்டை மூட்டையாகச் சில்லறை எண்ணிக் கொடுப்பது மாதிரி ஆகிவிடும். கட்டணம் தொகையைப் பொறுத்தது இல்லை, பரிவர்த்தனை எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் சேரவிட்டு, நெட்வொர்க் காலியாக இருக்கும் நேரத்தில் ஒரே தடவையாக எடுங்கள்.

கறார்பேர்வழி:

சேரவிட்டு, சேரவிட்டு என்று மறுபடியும் எக்ஸ்சேஞ்சிலேயே கிடக்கப் போகிறது. ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் எடுத்துவிட வேண்டும் என்று.

மெதுவாப்போ:

அந்த வரம்புக்கு நானும் சரி. மனைவி விஷயத்தில் மட்டும் எக்ஸ்சேஞ்ச் பக்கம்தான் நிற்பேன். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இறப்புச் சான்றிதழும் வாரிசுக் காகிதங்களும் கொடுத்து அவர் கேட்க ஓர் இடம் இருக்கிறது. தகட்டிடம் எந்தச் சான்றிதழைக் காட்டுவது?

கறார்பேர்வழி:

குவாட்ரிகா என்று கனடாவில் ஓர் எக்ஸ்சேஞ்ச். நிறுவனர் 2018 டிசம்பரில் இறந்தார், சாவி அவரோடு போய்விட்டது என்றார்கள். விசாரித்தால், காசு அவர் உயிரோடு இருந்தபோதே மோசடியில் கரைந்திருந்தது. எந்த வாரிசு எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் யாரிடம் நீட்டுவது?

மெதுவாப்போ:

ஒரு திருட்டுக் கம்பெனியைக் காட்டி எல்லாவற்றையும் மூடச் சொல்கிறீர்கள். சரி, விடுங்கள், நாம் இருவரும் இதில் ஒத்துப்போகப் போவதில்லை.

சில்லறை:

இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். இடைவெளி, ஒரு கடிதம் எழுதுங்கள். மீட்புச் சொற்கள் அதில் இருக்கக் கூடாது. என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, தகடு எங்கே, எந்தக் கருவி, யாரிடம் உதவி கேட்கலாம், முக்கியமாக யாரிடம் கேட்கக் கூடாது. உங்களுக்கு ஏதாவது ஆன பிறகு "நான் மீட்டுத் தருகிறேன்" என்று வருபவன்தான் முதல் ஆபத்து. கருவி செய்யும் லெட்ஜர் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல் 2020-ல் கசிந்தது, சுமார் 2,70,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் வெளியே வந்தன, அதற்குப் பிறகு வீட்டுக்கே போலிக் கடிதமும் போலிக் கருவியும் வந்த ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனியும் சொற்களைக் கேட்காது என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கடிதத்தை எழுதி வைத்தால் மட்டும் போதாது. கருவியில் சிறு தொகை போட்டு, கருவியை முழுக்க அழித்து, தகட்டை மட்டும் பார்த்து உங்கள் மனைவியையே மீட்டெடுக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துக் கடிதத்தைத் திருத்துங்கள். அது சரியாக நடக்கும் வரை பெரிய தொகை எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கட்டும், கறார்பேர்வழி என்ன சொன்னாலும்.

கறார்பேர்வழி:

அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் தருகிறேன்.

இடைவெளி:

எல்லோருக்கும் நன்றி. ரீசெட் செய்துவிட்டேன், இந்தத் தடவை 24 சொற்கள், தாளில் முழுதாக. தகடு ஆர்டர் போட்டாயிற்று. மனைவியிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருடம் கழித்து இந்தக் கருவி செய்த கம்பெனியே இல்லாமல் போனால்?

பதினொருபிட்:

நல்ல கேள்வி. காசு கருவிக்குள் இல்லை, சங்கிலியில் இருக்கிறது, கருவியில் இருப்பது சாவி மட்டும். நீங்கள் எழுதியவை பிஐபி39 (பல வாலட்டுகளும் பின்பற்றும் பொதுத் தரம்) சொற்கள் என்றால் வேறு கம்பெனியின் கருவியிலோ திறந்த மூல வாலட்டிலோ போட்டு மீட்கலாம். அப்போது முகவரிகள் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், சாவியை எந்தப் பாதையில் தேடுவது என்கிற அமைப்பு வாலட்டுக்கு வாலட் மாறும். இப்போது உங்கள் கருவி காட்டும் அந்தப் பாதை (டெரிவேஷன் பாத்) என்ன என்று பார்த்து அதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள், அது ரகசியம் இல்லை.