எம்ஜிபி சில் வெல்டிங்: பினாங்கில் யாரிடம் போகலாம்?
வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவின் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட வேண்டும். இரட்டை எஸ்யு எச்எஸ்4 கார்புரேட்டருக்கு ஜெட், நீடில், கேஸ்கெட் எல்லாம் கையில் இருக்கிறது. சிக்கல் துருதான். சில் என்பது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டி; அதில் வெளிச் சில், உள் சில், அடியிலுள்ள காசில் ரெயில் மூன்றும் போய்விட்டன.

கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பே இவைதான். தாங்கல் சரியில்லாமல் வெட்டினால் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது. அதனால் கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி பற்றவைத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி, வெளித்தகடு பற்றவைக்கும் முன் கதவை மாட்டி இடைவெளி பார்க்கிற பொறுமைசாலி வேண்டும். புட்டி பூசி மறைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். சில்லுக்குள் மெழுகும் அடித்துத் தந்தால் நல்லது, நம் கடற்காற்றுக்கு அது கட்டாயம்.

ஜார்ஜ் டவுன், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், எங்கே என்றாலும் வருகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.