வேகத்தடைக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

கோவை புறநகரில் 600 மீட்டர் நேர் சாலை, அகலம் 7 மீட்டர். மார்ச்சில் புதுத் தார் போட்டதிலிருந்து மெயின் ரோடு சிக்னலைத் தவிர்க்க எல்லா வண்டியும் இதில்தான் வருகிறது. நடுவில் தொடக்கப்பள்ளி, நடைபாதை கிடையாது.

வேகத்தை அளந்தோம். இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே 50 மீட்டர். காலை 8 முதல் 9 வரை பல வண்டிகள் 3 விநாடியில் தாண்டுகின்றன, அதாவது மணிக்கு 60 கி.மீ.

ரப்பர் வேகத்தடை பதித்தோம். தார் அடுக்கு மெலிசு, போல்ட் பிடிக்காமல் இரண்டே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. யாரோ இரவோடு இரவாக சிமெண்ட் மேடு கட்டினார்கள்; பைக்குகள் சறுக்கின, இடித்துவிட்டோம். (குறுகலான செங்குத்து மேடு பாதுகாப்பே இல்லை.) ஐ.ஆர்.சி. (சாலைத் தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதிப்படி, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், முன்னதாக எச்சரிக்கைப் பலகை, வெள்ளைக் கோடுகள் எனக் கேட்டு இரண்டு மனு கொடுத்தாயிற்று. சாலை பாதி ஊராட்சி, பாதி நெடுஞ்சாலைத் துறை என்பதால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். போலீஸ் பேரிகார்டு வைத்தது ஒரு வாரம்தான்.

இப்படி இரண்டு துறைக்கும் பொதுவான சாலையில் வேகத்தடைக்கு அனுமதி வாங்கியவர்கள், மனுவை யார் பெயருக்கு எழுதினீர்கள்?