கட்டடப் படங்களில் வாட்டர்மார்க்கை எங்கே போடுவது?

மேகலை_படங்கள்:
வணக்கம். உயரமான கட்டடங்களைப் படம் எடுப்பதில் எனக்குத் தீராத ஆசை. அதிலும் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் என்றால் தனி. 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது அதுதான், 177 அடி. இன்றைக்கு ஓ.எம்.ஆர். பக்கம் அதைவிட உயரமான அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் சூரியன் இறங்கி வானம் அடர்நீலமாகும் நேரத்தில், ஜன்னல்களில் விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும்போது, என் கண்ணுக்கு இன்னும் அதுதான் சென்னை.

அப்படி எடுத்த ஒரு படத்தில் மேல் மூலையில் வாட்டர்மார்க்காக என் பெயரைப் போட்டு வலையேற்றியிருந்தேன். இப்போது ஒரு வீட்டுமனை விளம்பரப் பக்கத்தில் அதே படம் இருக்கிறது, என் பெயர் மட்டும் இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறது. கேட்டால், "நெட்ல கிடைச்சுது, கட்டடம் உங்களுதா?" என்கிறார்கள்.

பெயரை நடுவில் பெரிதாகப் போட்டால் படமே கெட்டுப்போகிறது. வேறு எங்கே, எப்படிப் போடுவது? கட்டடம் என்னுடையது இல்லை என்பதால் படத்தில் எனக்கு உரிமை இல்லையா?

நேர்கோடு:
ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன், அவங்க பேச்சு அவ்வளவு கோபம் வர வைக்குது. உரிமை முழுக்க உங்களுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 52-வது பிரிவு, கட்டடத்தைப் படம் எடுக்கறதும் வெளியிடறதும் உரிமை மீறல் இல்லைன்னு தெளிவாச் சொல்லுது. எடுத்த படத்துக்கு, எடுத்தவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷமும் பாதுகாப்பு உண்டு. (எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஐஃபில் கோபுரத்தோட இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனியா உரிமை கொண்டாடறாங்க, அந்தப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேக்கணும்.)

இப்ப வாட்டர்மார்க். தயவுசெய்து வானத்துல போடாதீங்க. ஒரே நிறமா இருக்கிற இடத்துல எழுதினதை அழிக்க இன்னைக்கு ஒரு போன் போதும். மூலைன்னா அதுகூட வேண்டாம், வெட்டி எடுத்துடலாம். நான் போடறது கட்டடத்தோட உடம்பு மேல, ஜன்னல் வரிசைக்குக் குறுக்கே. ஒரு ஜன்னல்ல திரை பாதி இறங்கியிருக்கும், இன்னொண்ணுல டியூப்லைட் எரியும், பக்கத்துலயே ஏ.சி. பெட்டி தொங்கும். அடுக்குமாடியா இருந்தா பால்கனியில துணி காயும். இந்த நுணுக்கத்தை அழிச்சுட்டுத் திரும்ப வரையறப்போ கோடு எங்கயாவது கோணலாகும், உத்துப் பாத்தாத் தெரிஞ்சுடும். எழுத்து சின்னதா, மங்கலா இருந்தாலும் போதும், படம் கெடாது.

எல்லாப் படத்திலும் ஒரே அளவுல, ஒரே இடத்துல ஒட்டாதீங்க. 2017-ல் கூகுள் ஆய்வாளர்களே காட்டினாங்க: ஒரே வாட்டர்மார்க் நிறையப் படத்துல மாறாம இருந்தா, கணினி அதைத் தனியாப் பிரிச்சு மொத்தத்தையும் அழிச்சுடும். படத்துக்குப் படம் எழுத்தைக் கொஞ்சம் வளைச்சா அந்த வேலை கஷ்டமாகுது.

இன்னொண்ணு. அண்ணாந்து எடுக்கறப்போ கட்டடம் மேலே குறுகும். அதை மென்பொருள்ல நிமிர்த்தினா ஓரங்கள் வெட்டுப்படும். டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காம லென்ஸை மட்டும் நகர்த்திக் கட்டடத்தை நேரா எடுக்க உதவறது) இருந்தா, இல்லை எதிர்க் கட்டடத்துல நாலு மாடி ஏறி எடுத்தா, அந்தத் தொல்லை குறையும். எப்படி எடுத்தாலும் நிமிர்த்தி, வெட்டி முடிச்ச பிறகுதான் பெயர் போடணும்.

வலையில போடறது நீளப் பக்கம் 1600 பிக்சலுக்கு மேல வேண்டாம். முழு அளவும் ரா ஃபைலும் (கேமரா பதிவு செஞ்ச, பதப்படுத்தாத மூலக் கோப்பு) உங்க வட்டுலயே இருக்கட்டும். அந்த ரா ஃபைலை அவங்களால காட்டவே முடியாது.

அடையாறு_வாசி:
கேமராவிலேயே உங்கள் பெயரையும் பதிப்புரிமை வரியையும் பதிந்துவிடுங்கள். பல சமூக வலைத்தளங்கள் அந்தத் தகவலை உரித்துவிடும், ஆனால் மூலக் கோப்பில் நிற்கும். அப்படிப்பட்ட உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்கினால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 2012 திருத்தத்தில் சேர்த்தது.

காசுக்கு எடுப்பவர்கள் கவனிக்க: பில்டர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் பில்டர்தான் (17-வது பிரிவு). அதில் உங்கள் வாட்டர்மார்க் இருந்தும் பயனில்லை. வேலைக்குப் போகும் முன்பே உரிமை யாருக்கு என்று எழுதி வாங்குங்கள்.

மேகலை_படங்கள்:
இருவருக்கும் நன்றி. நான் ஆசைக்கு எடுத்த படம், யாரும் பணம் தரவில்லை. ரா ஃபைல் பத்திரமாக இருக்கிறது. இன்றிரவே அவர்களுக்கு எழுதுகிறேன்.

நேர்கோடு:
எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. உங்க மெயில் போனதும் படத்தைத் தூக்கிடுவாங்க.