கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தந்தை உடற்பயிற்சி செய்வது எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். எங்கள் மகளுக்கு இப்போது மூன்று மாதம் நடக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்பு, காலை 7.30 மணிக்கு வாகனங்களை அனுமதிப்பதற்குள் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் ஓடிவிட்டு வந்துவிடுவேன். இப்போது இரவில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் பாலுக்கு விழிக்கிறாள். என் மனைவி பால் கொடுத்து முடித்ததும், ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பது என் பொறுப்பு, அதை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் உடல் தளர்ந்துவிட்டது. எடை ஆறு கிலோ கூடியிருக்கிறது. நேற்று தூளியிலிருந்து அவளைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொள்ள, அவளை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்து சிறிது நேரம் அசையாமல் நின்றேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மருத்துவரை நாளை பார்க்கிறேன்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று கூறும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பத்து நிமிடத்துக்குக் குறைவான உடலியக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

அவள் உறங்கும் சிறு இடைவெளிகளில், ஓசையின்றி வீட்டுக்குள்ளேயே இடுப்புக்கும் முதுகுக்கும் வலுவூட்டச் செய்த பயிற்சிகளை அனுபவமுள்ள தந்தையர் தயவுசெய்து எழுதுங்கள். இரவில் நான்கு மணி நேரமே உறங்கிய நாளில் ஓடப் போவீர்களா, உறக்கத்தைத் தேர்ந்தெடுப்பீர்களா என்பதையும் சொல்லுங்கள்.