ஆசிரியர்களை ஜப்பானுக்குக் கல்விப் பயணம் அழைத்துப் போக: எந்த மாதம், எப்படி அனுமதி, எதைப் பார்ப்பது?

மலைக்கோட்டை:

வணக்கம். எங்கள் அறக்கட்டளை அடுத்த ஆண்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 16 பேரைப் பத்து நாள் ஜப்பானுக்கு அழைத்துப் போகிறது. எல்லோரும் தொடக்க, நடுநிலை வகுப்பு எடுப்பவர்கள். ஜப்பானியப் பண்பாட்டை அங்குள்ள பள்ளிக்கூடம் வழியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். டிராவல்ஸ்காரர்கள் கொடுத்த திட்டத்தில் டிஸ்னிலேண்ட், ஃபூஜி மலை, ஒசாகா கோட்டை எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கு மட்டும் ஒரே ஒரு மணி நேரம், அதுவும் "முயற்சி செய்கிறோம்" என்கிறார்கள்.

எந்த மாதம் போவது? பள்ளி அனுமதியை யாரிடம் கேட்பது? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்? ரயில் பாஸ் வாங்கலாமா? குழுவில் ஆறு பேர் சைவம், இரண்டு பேருக்கு மூட்டுவலி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒசாகா வாசி:

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள் சார், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆகவே நம் ஊரில் கோடை விடுமுறை விட்டிருக்கும் மே மாதத்தில் அங்கே வகுப்புகள் முழுவீச்சில் நடக்கும். இப்படி ஒரு பொருத்தம் வேறு எந்த மாதத்திலும் அமையாது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அடுத்தடுத்து விடுமுறைகள் வரும், கோல்டன் வீக் என்பார்கள். அப்போது விடுதி கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் விலை தாங்காது. அது கழிந்து ஒரு வாரம் விட்டு, மே 12-க்கும் 30-க்கும் நடுவில் வையுங்கள். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். ஜூலை 20 வாக்கில் விடும் கோடை விடுமுறை ஆகஸ்ட் கடைசி வரை போகும். அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை அங்கேயும் பள்ளி பூட்டியிருக்கும். காலாண்டு விடுமுறையில் பள்ளி நடக்கும்தான், ஆனால் அது புயல் காலம், நாளும் போதாது.

மே மாதத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பள்ளிகள் மே கடைசியில் சனி அல்லது ஞாயிறன்று விளையாட்டு விழா நடத்தும். ஞாயிறு விழா நடந்தால் திங்கள் ஈடு விடுமுறை. சனிக்கிழமை நடத்தினாலும் அப்படி விடும் பள்ளிகள் உண்டு. இதைக் கேட்காமல் திங்கட்கிழமை பார்வையிட நாள் குறித்தால் வெறும் கட்டடத்தைத்தான் பார்ப்பீர்கள். விழாவுக்கு முந்தைய வாரத்தில் பாட வேளைகள் பயிற்சிக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து அனுமதி. பொதுத் தொடக்கப் பள்ளிகளும் கீழ்நிலை நடுநிலைப் பள்ளிகளும் (7 முதல் 9-ஆம் வகுப்பு வரை) பெரும்பாலும் அந்தந்த நகராட்சி நடத்துபவை. அதனால் பள்ளிக்கு நேராக மின்னஞ்சல் போட்டால் பதில் வராது. நகரத்தின் கல்வி வாரியத்துக்கு ஜப்பானிய மொழியில் முறையான வேண்டுகோள் கடிதம் போக வேண்டும், அதனுடன் பள்ளித் தலைமையாசிரியர் பெயருக்கு ஒன்று. யார் வருகிறார்கள், ஒவ்வொருவரும் என்ன பாடம் எடுப்பவர், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எந்த வகுப்பைப் பார்க்க விருப்பம், மொழிபெயர்ப்பாளர் யார், படங்களை எங்கே பயன்படுத்துவார்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். டிசம்பர் அல்லது ஜனவரியில் அனுப்புங்கள்.

இங்கேதான் பல பயணங்கள் கவிழ்கின்றன. ஜப்பானில் ஆசிரியர் இடமாற்றம் ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. ஜனவரியில் சரி என்று சொன்ன தலைமையாசிரியர் ஏப்ரலில் வேறு பள்ளியில் இருக்கலாம், புதிதாக வந்தவருக்கு உங்கள் விஷயம் தெரிந்திருக்காது. எனவே ஏப்ரல் நடுவில் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள். அதைத் தலைமையாசிரியரிடம் கேட்பதைவிடத் துணைத் தலைமையாசிரியரிடம் கேட்பது நல்லது. பள்ளியின் அன்றாட ஏற்பாடெல்லாம் அவர் கையில்தான்.

16 பேரும் ஒரே வகுப்புக்குள் நுழைவது நடக்காது. நான்கு நான்காகப் பிரியுங்கள். டோக்கியோவுக்குள்ளேயே முட்டி மோதாமல் நாரா, ஒகாயாமா மாதிரி நடுத்தர நகரமாகப் பாருங்கள். பல்கலைக்கழகங்களோடு இணைந்த பள்ளிகள் பார்வையாளருக்குப் பழகியவை, அனுமதி எளிது. ஆனால் அங்கே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். சாதாரண நகராட்சிப் பள்ளி ஒன்றையாவது பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கணக்கு டீச்சர்:

மேலே சொன்னதோடு ஒன்று: ஒரு மணி நேரப் பார்வை வேண்டவே வேண்டாம். காலை 8 மணிக்குப் பிள்ளைகள் வரும்போது வாசலில் நில்லுங்கள், மாலை வகுப்பு முடிவுக் கூட்டம் வரை இருங்கள். பண்பாடு என்று நீங்கள் தேடிப் போவது பாட வேளைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

வாசலில் காலணி அலமாரி. வெளிக் காலணியைக் கழற்றி வைத்து உள்ளே போட வேறு காலணி. விருந்தினர் செருப்பு தருவார்கள், பெரிய பாதம் உள்ளவர்களுக்குச் சின்னதாக இருக்கும். ஆளுக்கொரு ஜோடி மெல்லிய உட்காலணியும் கழற்றியதைப் போட ஒரு பையும் கொண்டு போங்கள். வேறு வாசல் வழியாக வெளியேற வைத்தால் அந்தப் பை கட்டாயம் தேவைப்படும்.

மதிய உணவை முழுதாகப் பாருங்கள். அன்றைய முறைப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி, தொப்பி, முகக்கவசம் போட்டு உணவு வண்டியைத் தள்ளி வந்து பரிமாறுவார்கள். ஆசிரியரும் அங்கேயே உட்கார்ந்து அதையே சாப்பிடுவார். பிள்ளைகளுக்குப் போவதற்கு முன்பே தலைமையாசிரியர் தட்டு வந்துவிடும், அவர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சமையலறையில் ஒவ்வொரு மூலப்பொருளிலும் சமைத்த பண்டத்திலும் 50 கிராம் எடுத்து, மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரமாவது உறைய வைக்கிறார்கள். யாருக்காவது வயிறு கெட்டால் எந்த நாள் எந்தப் பொருள் என்று சோதித்துவிடலாம். அந்த உறைபெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சத்துணவு நடத்தும் நமக்கு அதைவிடப் பயன்படும் காட்சி அங்கே குறைவு.

பிறகு 15, 20 நிமிடம் துப்புரவு. ஈரத் துணியைப் பிழிந்து, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, பிள்ளைகள் வரிசையாகத் தரையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் "ஜப்பான் பள்ளிகளில் பணியாளரே கிடையாது" என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பிப் போகாதீர்கள். பள்ளிப் பணியாளர்கள் உண்டு. பிள்ளைகள் செய்வது கல்வியின் பகுதியாக வைக்கப்பட்ட வேலை, சம்பளம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இல்லை. "நான்காம் வகுப்பு வரை தேர்வே இல்லை" என்பதும் தவறு. முதல் வகுப்பிலிருந்தே அலகுத் தேர்வுகள் நடக்கின்றன. ஆறாம் வகுப்புக்கும் நடுநிலை மூன்றாம் ஆண்டுக்கும் 2007 முதல் தேசிய அளவிலான தேர்வும் இருக்கிறது. ஆசிரியர்கள் இந்தத் தவறுகளை இங்கிருந்தே களைந்துவிட்டுப் போனால் கேள்விகள் நன்றாக இருக்கும்.

பாடம் பார்க்கும்போது: தொடக்கப் பள்ளியில் ஒரு வேளை 45 நிமிடம். கரும்பலகையைக் கவனியுங்கள். பாடம் முடியும் வரை பெரும்பாலும் அழிக்க மாட்டார்கள். இடது ஓரத்தில் இன்றைய நோக்கம், நடுவில் பிள்ளைகள் சொன்ன வெவ்வேறு வழிகள், வலப்பக்கம் முடிவு. வகுப்பு எப்படி யோசித்தது என்பது கடைசியில் ஒரே பார்வையில் தெரியும். ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டு, ஒருவர் எடுக்க மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து அலசும் "ஆய்வுப் பாடம்" ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள். அதில் பார்ப்பவர்கள் ஆசிரியரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் நோட்டையும் முகத்தையும்தான் பார்க்கிறார்கள். தடுமாறும் பிள்ளைக்குப் பார்வையாளர் குனிந்து உதவி செய்யக் கூடாது. நம் ஆசிரியர்களுக்குக் கை தானாகப் போகும், முன்பே சொல்லி வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வகுப்புக்குள் கிசுகிசுத்தால் பாடம் கெடும். பாடத்திட்டத்தை ஒரு வாரம் முன்பே வாங்கித் தமிழில் எழுதி ஆளுக்கொரு படி கொடுத்துவிட்டால் உள்ளே பேச்சே தேவைப்படாது. கலந்துரையாடலில் ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை சொல்லப்படுவதால், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அரை மணிதான் கையில் இருக்கும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு வராதீர்கள். பல நாட்டு ஆசிரியர்களிடம் எடுக்கும் டாலிஸ் ஆய்வில், 2018-ல், ஜப்பானின் கீழ்நிலை நடுநிலை ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் வேலை செய்வதாகத் தெரிந்தது, பங்கேற்ற நாடுகளின் சராசரி 38 மணி. அங்கே இதைத் திறந்து பேசுகிறார்கள், நீங்களும் மரியாதையோடு கேட்கலாம்.

தண்டவாளம்:

ரயில் பாஸ் பற்றி. நாடு முழுக்கச் செல்லும் 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆனது. வாங்கும் நாளில் விலையை மறுபடி பாருங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஒரு வழி ஏறக்குறைய 14,000 யென். டோக்கியோவிலிருந்து வடக்கே உள்ள சென்டாய் நகருக்குப் போய்வர சுமார் 23,000. இரண்டும் சேர்ந்தாலும் 37,000தான், பாஸ் நஷ்டம். கியோட்டோ–ஹிரோஷிமா போய்வர இன்னும் ஒரு 23,000 சேர்த்தால்தான் பாஸ் கட்டுப்படியாகும். அப்போதும் மிக வேகமான நொசோமி ரயிலில் ஏறத் தனிக் கட்டணம் உண்டு. பத்து நாளில் சென்டாய், ஹிரோஷிமா இரண்டும் வைத்தால் பள்ளிக்கு நாள் மிஞ்சாது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவை ஒட்டிய கன்சாய் விமான நிலையத்தில் ஏறும்படி டிக்கெட் போட்டால் திரும்பி வரும் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்கு டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்செனில் (புல்லட் ரயிலில்) இடம் முன்பதிவு வேண்டும். இல்லையென்றால் 1,000 யென் கேட்பார்கள். நம்மவர்களின் பெரிய பெட்டிகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டும்.

எதை எடுப்பது என்றால் நான் சென்டாய் என்பேன். காரணம் அங்கே இரண்டு பள்ளிகள். கடற்கரையிலிருந்து சுமார் 700 மீட்டரில் அராஹாமா தொடக்கப் பள்ளி. 2011 மார்ச் 11 சுனாமியில் தண்ணீர் முதல் மாடி வரை ஏறியது. பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊர்மக்கள் என 320 பேர் மேலே ஏறியிருந்து ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். 2017 முதல் கட்டடத்தை அப்படியே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. சென்டாயிலிருந்து தோசாய் மெட்ரோவில் அராய் வரை, பிறகு பேருந்து.

இன்னொன்று இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளி. அங்கே 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பூகம்பத்துக்குப் பிறகு சுமார் 50 நிமிடம் மைதானத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள், பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பேரிடருக்கு முன்பே சரியான வெளியேற்றத் திட்டம் வகுக்காதது பள்ளி, நகரக் கல்வி வாரியத்தின் தவறு என்ற தீர்ப்பு 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. பொதுப் போக்குவரத்து சரிப்படாது, சிற்றுந்து அமர்த்துங்கள். நாகப்பட்டினம், கடலூர் பக்கத்து ஆசிரியர்கள் குழுவில் இருந்தால் இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே சிரித்துக்கொண்டு குழுப்படம் எடுக்க வேண்டாம், பிள்ளைகளை இழந்த பெற்றோர் இன்றும் அங்கே வருகிறார்கள்.

கியோட்டோவில் பொற்கோயிலோடு பள்ளி வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் கொடுங்கள். தேசியக் கல்விச் சட்டம் வந்தது 1872. அதற்கு முன்பே 1869-ல் கியோட்டோ ஊர்மக்கள் தெருவாரியாகக் கூடி 64 தொடக்கப் பள்ளிகள் நிறுவினார்கள். அடுப்பு எரியும் வீடெல்லாம் அதற்குக் காசு கொடுத்தது, "அடுப்புப் பணம்" என்றே அதற்குப் பெயர். அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை.

மலைக்கோட்டை:

மிக்க நன்றி. டிஸ்னிலேண்டை எடுத்துவிட்டோம். சைவம், மூட்டுவலி பற்றி யாராவது? பள்ளிக்கு என்ன பரிசு கொண்டுபோவது?

கோயா குறிப்புகள்:

சைவத்துக்கு வில்லங்கமே சாறுதான். மிசோ சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய், டோஃபு (சோயாக் கட்டி) உணவுகள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் உலர்ந்த பொனிட்டோ மீன் சீவலில் எடுத்த சாறு இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் சாறு வரும், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. "மீன் சாறும் வேண்டாம், கடற்பாசிச் சாறு பரவாயில்லை" என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டை ஆறு பேரிடமும் இருக்கட்டும். ஒரு இரவு ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள கோயாசான் மலையில் பௌத்தக் கோயில் விடுதியில் தங்குங்கள். அங்கே சமையல் கடற்பாசி, ஷிட்டாக்கே காளான் சாற்றில், வெங்காயம் பூண்டு இல்லாமல்.

பள்ளி மதிய உணவில் தனிச் சமையல் கேட்காதீர்கள், எல்லோருக்கும் ஒரே பட்டியல், எண்ணிக்கைப்படி முன்கூட்டியே கொள்முதல். சைவக்காரர்கள் சொந்தப் பொட்டலம் கொண்டுவர முன்பே அனுமதி கேட்கலாம். பிள்ளைகளுக்கு மிட்டாய், முறுக்கு எதுவும் கொடுக்கவே கூடாது. 2012-ல் டோக்கியோ மாநகரப் பகுதியின் சோஃபு நகரில் ஒவ்வாமையால் ஒரு மாணவி பள்ளி உணவுக்குப் பின் இறந்த பிறகு இதில் மிகக் கண்டிப்பு. பரிசு பள்ளிக்குப் பொதுவாக ஒன்று போதும்: உங்கள் மாணவர்கள் வரைந்த படத்தொகுப்பு, சொப்புச் சாமான், பல்லாங்குழி. கோலம் போட்டுக் காட்டச் சாக்பீஸ் போதும்.

தேநீர்ச் சடங்குக்கு மண்டியிட்டு உட்கார வேண்டியிருக்கும். நாற்காலி முறையும் உண்டு, 1872-ல் கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக உராசென்கே என்ற தேநீர்ச் சடங்கு மரபினர் வகுத்தது. முன்பதிவிலேயே "ரியூரேய்" வேண்டும் என்று சொல்லுங்கள். வெள்ளைக் காலுறை போடுங்கள், மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள், கிண்ணத்தில் கீறல் விழும். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தேநீர்.

பெட்டி கட்டும்போது: சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதுவும் கூடாது, விமான நிலையத்தில் பறிமுதல். சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்குத் தடை. ஒரு மாத அளவுக்கு மேல் மருந்துச் சீட்டு மருந்து கொண்டுபோக முன் அனுமதி தேவை.

ஒசாகா வாசி:

தடையின்மைச் சான்றை மறந்துவிடாதீர்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் வெளிநாடு போகத் துறை அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் வழியாக மேலே போய்த் திரும்ப மாதங்கள் ஆகலாம். பள்ளி ஒப்புதல் கடிதம் வந்ததும் அதன் நகலோடு 16 பேரும் ஒரே நாளில் விண்ணப்பிக்கட்டும்.

குழுவில் 35 வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் இன்னொரு வழியும் சொல்லி வையுங்கள். ஜப்பான் கல்வி அமைச்சகம் பணியில் உள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி உதவித்தொகை தருகிறது. ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். ஒன்றரை ஆண்டு வரை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். அறிவிப்பு தூதரகத் தளத்தில் வரும்.